செபம் கசக்கிற காலத்தில் எதையும் மாற்றாதீர்கள்

"செபமாலை சொல்லுறன், வாய்தான் அசையுது. பூசையில நிக்கிறன், மனம் கல்லாக் கிடக்குது." இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டே எங்கள் ஊர்களில் பலர் கோயிலை விட்டு மெல்ல விலகுகிறார்கள். முதலில் அயல் வீட்டார் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டம் நிற்கும், பிறகு பாடகர் குழாம். விசுவாசம் போய்விட்டது என்று தங்களுக்குத் தாங்களே தீர்ப்பும் எழுதிவிடுவார்கள்.

அந்தத் தீர்ப்பை மட்டும் இப்போது எழுத வேண்டாம். 1548இல் அச்சேறிய 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூலில், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் இதைக் கண்டிப்பாகவே சொல்கிறார்: செபத்தில் ஆறுதல் அற்ற வேளையில், அதற்கு முன் எடுத்த தீர்மானம் எதையும் மாற்றக் கூடாது. அந்த வேளையில் காதுக்குள் ஆலோசனை சொல்வது நல்ல ஆவி அல்ல. இந்த வறட்சிக்கு அவர் காட்டும் காரணங்கள் மூன்று. நமது அசட்டை ஒன்று. ஆறுதல் இல்லாமலும் நிலைத்திருப்போமா என்ற சோதனை ஒன்று. செபத்தின் இனிமை நமது உழைப்பல்ல, கொடை என்று உணர்த்துவது மூன்றாவது. முதலாவதை மட்டும்தான் நாம் திருத்த முடியும்: இரவு போனோடு கழிந்து காலைச் செபம் விடுபடுகிறதா, சுவாமியிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் தள்ளிப்போகிறதா என்று பாருங்கள். மற்ற இரண்டும் உங்கள் குற்றமே அல்ல.

அதிகம் பிழைக்கிற இடம், உணர்ச்சியை வலிந்து வரவழைக்கப் பார்ப்பது. ஒரு தியானம் முடிய இன்னொன்று, இரவிரவாக ஆராதனை. கோடையில் கிணற்றில் மோட்டரை விடாமல் ஓடவிட்டால் உவர்தான் ஏறும். செபத்தைச் சிறிதாக்கி நேரத்தை உறுதியாக்குங்கள். காலையில் 15 நிமிடம் என்றால் 15 நிமிடம்; எழும்பி ஓட மனம் உந்தினால் 16 ஆக்குங்கள். இதுவும் இஞ்ஞாசியார் சொன்னதுதான், குறித்த நேரத்தைவிடக் கொஞ்சம் கூட இருந்துவிடு என்று.

சொந்த வார்த்தை வராவிட்டால் சங்கீதங்களை எடுங்கள். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம், முறைப்பாட்டில் தொடங்கிப் பாட்டில் முடிகிறது. அந்தப் பாட்டும் பொய்யாகத் தெரிந்தால் 88ஆம் சங்கீதம். அது இருளிலேயே முடிகிறது, ஆனாலும் வேதாகமத்தில் இருக்கிறது. இருண்ட மனத்தோடு பேசுவதும் செபம் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் வாசித்து ஊரே கூடி ஒப்பாரி பாடும்போது, அழ முடியாதவருக்காகப் பக்கத்தில் இருப்பவர் அழுகிறார். அங்கே போய் இருங்கள், பாடாவிட்டாலும் பரவாயில்லை. அன்னை தெரேசா ஏறத்தாழ 50 ஆண்டுகள் இந்த வறட்சியோடுதான் கல்கத்தாவில் நோயாளர்களைத் தூக்கினார். 2007இல் வெளியான அவரது கடிதங்களில் அது இருக்கிறது. நம்பிக்கை என்பது நெஞ்சில் சூடு ஏறுவதாக இருந்திருந்தால் அவர் முதல் வருடமே நிறுத்தியிருப்பார்.

உடலையும் மறக்காதீர்கள். வேதாகமத்தில், சாக விரும்பிச் சூரைச் செடியடியில் படுத்த இறைவாக்கினர் எலியாவை வானதூதர் கண்டிக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி கொடுத்தார். அதன் பிறகுதான் ஓரேபு மலைக்கு 40 நாள் நடை. செபம் மட்டுமல்ல, சாப்பாடு, நித்திரை, பிள்ளைகளோடு கதைப்பது எல்லாமே இரண்டு கிழமைக்கு மேல் வெறுத்துப்போனால், அதை ஆவிக்குரிய வறட்சி என்று மூடிவைக்க வேண்டாம். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சாகும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. யாழ். போதனா வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது. வைத்தியரிடமும் போங்கள், பங்குச் சுவாமியிடமும் போங்கள்.

வீட்டில் ஒருவர் இப்படி இருந்தால் "விசுவாசம் காணாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இரவில் செபமாலையை அவர் கேட்கும் தூரத்தில் இருந்து சொல்லுங்கள், ஞாயிறு பூசைக்குப் போகும்போது "வாறியளோ" என்று ஒருமுறை கேளுங்கள். வரவில்லை என்றால் அடுத்த ஞாயிறும் கேளுங்கள்.