அப்பாவின் மருந்துப் பெட்டியில் இருந்த ஜிங்க் மாத்திரை

2020ஆம் ஆண்டில், அடுப்பில் கபசுரக் குடிநீர் கொதித்துக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்த ஜிங்க் மாத்திரை, கொரோனா ஓய்ந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் அப்பாவின் மருந்துப் பெட்டியில் இருப்பதைச் சென்ற மாதம்தான் கவனித்தேன். மருத்துவர் சீட்டு எதுவும் இல்லை. சர்க்கரை மாத்திரை வாங்கும்போது அதையும் சேர்த்து வாங்கிவிடுகிறார். கேட்டால், "எதிர்ப்பு சக்திக்குப்பா" என்கிறார்.

இந்த "எதிர்ப்பு சக்தி" என்ற சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது என்று நினைக்கிறேன். ஊற்ற ஊற்ற உயரும் தொட்டித் தண்ணீரைப் போல அதை நாம் கற்பனை செய்துகொண்டிருக்கிறோம். உடலில் ஒரு சத்து குறைந்தால் நோயை எதிர்க்கும் வேலை தடுமாறும், குறையை ஈடுசெய்தால் அந்த வேலை பழைய நிலைக்குத் திரும்பும். குறையே இல்லாதவர் மேலும் மேலும் விழுங்குவதால் அது கூடுதலாக வலுப்பெறும் என்பதற்குத்தான் சான்று கிடைப்பதில்லை.

குறை உள்ள இடத்தில் ஒரு சொட்டு மருந்து என்ன செய்யும் என்பதற்கு வைட்டமின் ஏ-யை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. இந்தோனேசியாவில் பணியாற்றிய கண் மருத்துவர் ஆல்ஃபிரட் சோமர், வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் உள்ள குழந்தைகள் மற்றக் குழந்தைகளை விட அதிகமாக இறந்துபோவதைக் கவனித்தார். பின்னர் ஆச்சே பகுதியின் 450 கிராமங்களில் அவரது குழு நடத்திய ஆய்வு 1986இல் வெளிவந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ கொடுக்கப்பட்ட கிராமங்களில் குழந்தை இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நம் ஊரிலும் ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயது வரை குழந்தைகளுக்கு ஒன்பது தவணையாக அந்தத் திரவத்தைப் புகட்டுகிறார்கள்.

வைட்டமின் சி-யின் கதை வேறு. இரண்டு நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், சளியைத் தடுக்க அதை அள்ளி அள்ளிச் சாப்பிடலாம் என்று 1970இல் புத்தகமே எழுதினார். பல ஆய்வுகளில் பங்கேற்ற பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரின் முடிவுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2013இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, தினமும் சாப்பிட்டாலும் பொதுமக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை என்றும், பிடித்த சளியின் காலம் பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவீதம் சுருங்கியது என்றும் தெரிந்தது. ஏழு நாள் சளி அரை நாள் முன்னதாகப் போகும், அவ்வளவுதான். மாரத்தான் ஓட்டக்காரர்களைப் போலக் கடும் உழைப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் நல்ல பலன் இருந்தது. அப்பா காலையில் பால் பூத் வரை நடப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஒரு நாளைய தேவையை ஒரு கொய்யாப்பழமே கொடுத்துவிடும்.

ஜிங்க் என்கிற துத்தநாகத்தின் மீது எனக்குக் கோபமில்லை. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு, உப்புச் சர்க்கரைக் கரைசலோடு பத்து முதல் பதினான்கு நாட்கள் அதைக் கொடுப்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அப்பாவின் அட்டையில் இருந்தது 50 மில்லிகிராம். வளர்ந்த ஆணுக்கு ஒரு நாள் தேவை 17, உச்ச வரம்பு 40. வரம்பைத் தாண்டி நீண்ட காலம் சாப்பிட்டால் உடல் தாமிரத்தை உறிஞ்சுவது குறைந்து, இரத்தசோகையும் கை கால் மரத்துப்போவதும் வரக்கூடும். சர்க்கரை நோயாளிக்குக் கால் மரத்தால், பழியைச் சர்க்கரையின் மீதே போட்டுவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள் என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ஜிங்கை நிறுத்தச் சொன்னார். பரிசோதித்ததில் வைட்டமின் டி உண்மையாகவே மிகக் குறைவாக இருந்ததால், 60,000 யூனிட் தூளை வாரம் ஒன்று வீதம் எட்டு வாரங்களுக்கு எழுதிக் கொடுத்தார். இது கொழுப்பில் கரைந்து உடலில் தங்கும் வைட்டமின் என்பதால், தினமும் ஒன்று என்று தவறாக எடுத்துக்கொண்டால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக்கூடும். அதனால் நாள்காட்டியில் எட்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். "சத்து மாத்திரைக்கு இவ்வளவு கணக்கா?" என்று அப்பா முணுமுணுக்கிறார். மூன்று வட்டங்கள் முடிந்திருக்கின்றன.