ரூட்டரை மாற்றினால் பிரிண்டருக்கு என்ன வந்தது?

புது ரூட்டர் வந்ததும் போன், லேப்டாப், டிவி எல்லாம் பாஸ்வேர்டைக் கேட்டன, கொடுத்தேன், முடிந்தது. இந்தப் பிரிண்டருக்கு மட்டும் ஏன் இத்தனை அடம்? கட்டைவிரல் அகலத் திரையில் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி ஒவ்வோர் எழுத்தாகப் பாஸ்வேர்டு போட வேண்டும். சரி, பாஸ்வேர்டு போடாமலே இணைக்கும் டபிள்யூபிஎஸ் பட்டன் இருக்கிறதே என்றால், 2 நிமிடத்துக்குள் இரண்டு பக்கமும் அழுத்தியாக வேண்டும். ரூட்டர் ஓர் அறையில், பிரிண்டர் இன்னோர் அறையில்!

அப்புறம்தான் தெரிகிறது, இந்தப் பிரிண்டருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டும்தான் பிடிபடுமாம், 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணுக்கே தெரியாதாம். இதை அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்? 'இணைக்க முடியவில்லை' என்று காட்டத் தெரிகிறதே, ஏன் என்று ஒரு வரி சொல்லக் கூடாதா? ஒருவழியாக இணைந்தால், லேப்டாப் பிரிண்டரைப் பழைய நெட்வொர்க் முகவரியிலேயே தேடிவிட்டு 'ஆஃப்லைன்' என்கிறது. ஒரே ஒரு பக்கம் அச்சடிக்க இவ்வளவு பாடா?