ஹாக்ஸ்பரிக்காரர்களைக் குடிகாரர்கள் என்று தள்ளிவிடாதீர்கள்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், பிரிட்டிஷ் காலனிக் காலத்து ஹாக்ஸ்பரி ஆற்றங்கரைக் குடியேறிகள் குடித்தே நிலத்தைத் தொலைத்தார்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. குடித்தார்கள், சரி. ஆனால் நாணயத் தட்டுப்பாட்டில் அங்கே ரம்மே பணமாகப் புழங்கியதே! கப்பலில் வந்த பொருள்களைக் காலனியின் காவல்படையான நியூ சவுத் வேல்ஸ் படையின் அதிகாரிகள் மொத்தமாக வாங்கி, பல மடங்கு விலைக்கு விற்றார்கள். துணியோ தேயிலையோ வேண்டுமென்றால் விவசாயி கோதுமையைத்தான் அளக்க வேண்டும், அதுவும் பல நேரம் கதிர் முற்றும் முன்பே எழுதிக் கொடுத்து. 1806 மார்ச் வெள்ளத்தில் அறுத்துக் குவித்த கோதுமைப் போர்கள் அப்படியே ஆற்றோடு போயின. அப்புறம் வந்த ஆளுநர் பிளை அரசுக் கிடங்கிலிருந்து உதவினார், விளைச்சலை வாங்குவதாக வாக்களித்தார், 1807இல் ரம் பண்டமாற்றைத் தடைசெய்தார். 1808இல் படை அவரைச் சிறைப்பிடித்தபோது ஹாக்ஸ்பரி விவசாயிகள் பலர் அவர் பக்கமே நின்றார்கள். கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம். அந்த ஆற்றங்கரை தாருக் என்ற பூர்வகுடி மக்களின் நிலம் என்பதும் அதில் இல்லை.