தாத்தாவின் படி

(பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம். வெள்ளிக்கிழமை மாலை. இடுப்பில் துண்டோடு மாமனார் வீட்டையே கலைத்துக்கொண்டிருக்கிறார். திண்ணையில் மருமகள் புளி தட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு தட்டு, கொட்டை ஒரு பக்கம், சதை ஒரு பக்கம். பேச்சுக்காக அந்தக் கை நிற்பதில்லை.)

மாமனார்: ஏம்மா, என் எட்டு முழ வேட்டியைப் பார்த்தாயா?

மருமகள்: பள்ளிக்கூடத்தில் இருக்கிறது மாமா.

மாமனார்: வேட்டி எதற்கு ரெண்டாம் வகுப்புக்குப் போனது?

மருமகள்: இந்த வாரம் பூரா கையால் செய்து படிக்கிற வாரமாம். புதன்கிழமை முழம் போட்டு அளந்தார்கள். பாப்பா கைக்குப் பதினொன்றரை முழம் வந்ததாம். "தாத்தா எட்டு முழக் காசு கொடுத்துப் பதினொன்றரை முழம் வாங்கிட்டு வந்துட்டார்" என்று ஒரே பெருமை.

மாமனார்: (லேசாக நெஞ்சு நிமிர்த்தி) கெட்டிக்காரி. சரி, இன்னொரு வேட்டி?

மருமகள்: காலையில்தான் சோப்புத்தண்ணியில் ஊறப் போட்டேன்.

மாமனார்: திங்கள்கிழமை புளியங்கொட்டை போனது. சட்டை மாட்டுகிற ஹேங்கரும் காணோம்.

மருமகள்: கொட்டை, எண்ணிப் பத்துப் பத்தாகக் கூறு கட்ட. ஹேங்கரின் ரெண்டு முனையிலும் கொட்டாங்குச்சி தொங்கவிட்டுத் தராசு செய்தார்கள். ஒரு பெங்களூரா மாம்பழத்துக்கு எத்தனை புளியங்கொட்டை என்று நிறுத்தார்களாம்.

மாமனார்: எத்தனை?

மருமகள்: தெரியவில்லை. பாதிக் கணக்கில் மாம்பழத்தைச் சாப்பிட்டுவிட்டார்கள்.

மாமனார்: இதற்குப் பெயர் படிப்பா? நாங்கள் படித்தபோது மணலில் விரலால் எழுதினோம், தேய்ந்து போனது விரல்.

மருமகள்: அதுவும் கையால் படித்ததுதானே மாமா? 2007-ல் செயல்வழிக் கற்றல் வந்தபோது உங்கள் கடைக்குட்டிப் பெண் பாயில் உட்கார்ந்து பாட ஏணிப் படத்தைப் பார்த்து அட்டை தேடியதை நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள். 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. பாப்பா இப்போது மொட்டு.

மாமனார்: மொட்டுக்கு என் வேட்டி எதற்கு என்றுதான் கேட்கிறேன். (நின்று, மேலே பார்க்கிறார்.) பரண் மேலிருந்த படி எங்கே?

(தட்டுகிற சத்தம் இப்போதுதான் நிற்கிறது.)

மருமகள்: அதுவும் நேற்றுப் போயிருக்கிறது.

மாமனார்: யாரைக் கேட்டு எடுத்தாள்? அது என் அப்பா காலத்துப் படி!

மருமகள்: "வீட்டில் இருக்கிற பழைய அளவைகளைக் கொண்டுவாருங்கள்" என்று டீச்சர் சொன்னார்களாம். ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி. எட்டு ஆழாக்கு ராகி கொட்டினால் படி நிறைய வேண்டும்.

மாமனார்: அது ஊருக்கே தெரியும்.

மருமகள்: நம் படி ஏழிலேயே நிறைந்துவிட்டதாம்.

(அமைதி. கூரை மேல் ஒரு காக்கா மட்டும் ஏதோ சொல்கிறது.)

மாமனார்: குழந்தைகள் கோபுரமாகக் குவித்து அளந்திருக்கும்.

மருமகள்: இல்லை மாமா. அடிக்கோலை வைத்துத் தலை தட்டி, மூன்று தடவை அளந்தார்களாம். அப்புறம் பாப்பாவே கையை உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறாள். அடித்தகடு உள்பக்கமாக உப்பியிருக்கிறது.

மாமனார்: உலக்கை விழுந்திருக்கும். என் அப்பா காலத்திலேயே விழுந்திருக்கும்.

மருமகள்: வகுப்புச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்களாம். "எங்கள் வீட்டுப் படிகள்." பக்கத்து வீட்டுப் படி, எட்டு ஆழாக்கு. தாத்தா படி, ஏழு ஆழாக்கு. பக்கத்தில் வேட்டியும் தொங்குகிறது. திங்கள்கிழமை பெற்றோர் வந்து பார்க்கலாமாம்.

மாமனார்: இந்தக் காலத்தில் படியெல்லாம் யார் பார்க்கிறார்கள்? 1956-லேயே சட்டம் போட்டுக் கிலோ, லிட்டர் என்று மாற்றிவிட்டார்கள்.

மருமகள்: அப்படியென்றால் பொங்கல் முடிந்து பக்கத்து வீட்டுக்கு ராகி கைமாற்றுக் கொடுத்தீர்களே, கிலோ கணக்கிலா?

மாமனார்: அது... அஞ்சு படி.

மருமகள்: எந்தப் படியில்?

மாமனார்: இருந்த படியில்.

மருமகள்: திரும்ப வாங்கியது?

மாமனார்: அவர்கள் படியில் அளந்து கொடுத்தார்கள். நான் என்ன வேண்டாம் என்றா சொல்ல முடியும்?

மருமகள்: படிக்கு ஒரு ஆழாக்கு. அஞ்சு படிக்கு அஞ்சு ஆழாக்கு. பாப்பா விரல் விட்டே போட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுப் பையனுக்கும் சொல்லிக் கொடுத்தாளாம்.

மாமனார்: அவனுக்கு எதற்கு?

மருமகள்: அவன் இன்னும் அரும்பில் இருக்கிறானாம். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தர வேண்டுமாம்.

(வாசல் பக்கம் செருப்புச் சத்தம். மருமகள் எட்டிப் பார்க்கிறாள்.)

மருமகள்: பக்கத்து வீட்டு அக்கா வருகிறார்கள்.

மாமனார்: சும்மா பேச வந்திருப்பாள்.

மருமகள்: கையில் ஆழாக்கு இருக்கிறது மாமா.

மாமனார்: நான் சந்தைக்குப் போய்விட்டேன் என்று சொல்லிவிடு.

மருமகள்: துண்டோடவா?