சிடி34 பாசிட்டிவ் என்றாலே ரத்தப் புற்றுநோயா?

"எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட்டில் சிடி34 பாசிட்டிவ் என்று இருந்தால் லுக்கேமியா (ரத்தப் புற்றுநோய்) உறுதி" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

சிடி34 என்பது ரத்தத்தை உருவாக்கும் இளம் செல்களின் மேற்பரப்பில் உள்ள புரதம். நல்ல மஜ்ஜையிலும் சுமார் 1 முதல் 2 சதவீத செல்களில் அது இருக்கும். செல் முதிர முதிர மறைந்துவிடும். ஸ்டெம் செல் தானத்தில், சேகரித்தது போதுமா என்று பார்ப்பதே இந்த செல்களை எண்ணித்தான்: பெறுபவரின் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம்.

மறுபக்கமும் உண்டு. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியாவில் சிடி34 பெரும்பாலும் நெகட்டிவ். அதை நம்பி நிம்மதியடைவது இன்னும் ஆபத்து. அந்த நோயில் ரத்தக்கசிவு வேகமாக வரும்.

செல்களில் உள்ள புரதங்களை, அவற்றில் ஒட்டும் ஆன்டிபாடிகளைக் கொண்டு கண்டறியும் பரிசோதனை ஃப்ளோ சைட்டோமெட்ரி. அதில் நிபுணர்கள் தேடுவது ஒற்றை மார்க்கரை (அடையாளப் புரதத்தை) அல்ல, பொருந்தாத சேர்க்கையை. உதாரணமாக, மைலாய்டு வகை பிளாஸ்ட் (முதிராத ரத்த) செல்லில், டி செல் என்ற வேறு வகை வெள்ளையணுவுக்குரிய சிடி7 புரதம். மாதிரி பழையதானால் இறந்த செல்களில் ஆன்டிபாடி சும்மா ஒட்டிக்கொண்டு பொய்யான பாசிட்டிவ் காட்டும். ஆகவே அந்த ஒரு வரியை மட்டும் படித்து முடிவுக்கு வராதீர்கள். பிளாஸ்ட் சதவீதம், மரபணுப் பரிசோதனை முடிவுகளுடன் சேர்த்து ரத்தவியல் மருத்துவரிடம் கேளுங்கள்.