ஒரே ரத்தம், ஒரே கிணறு

பெரியப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று போன மாதம்தான் தெரியவந்தது. செட்டிகுளத்துப் பக்கம் நாற்பது வருடமாக வயல் செய்கிற மனிதர். பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உது எங்கட பரம்பரை வருத்தம் பிள்ளை. அப்புவும் கால் வீங்கித்தான் போனவர். எனக்குப் பிறகு பெடியளுக்கும் வரும். என்ன செய்யிறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. வன்னியில் எத்தனையோ வீடுகளில் இதே பேச்சுத்தான் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பரம்பரை என்பது பொய் இல்லை. உடம்பில் எவ்வளவு உப்பைத் தங்கவிடுவது என்று தீர்மானிப்பது சிறுநீரகம். உப்பு தங்கினால் தண்ணீரும் தங்கும், பிறசர் ஏறும், ஏறிய பிறசர் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். அமெரிக்க மருத்துவர் லூயிஸ் டால், உப்புத் தின்றால் பிறசர் ஏறுகிற எலிகளையும் ஏறாத எலிகளையும் தனித்தனி வம்சங்களாக வளர்த்தார். ஒன்றின் சிறுநீரகத்தை மற்றதற்கு மாற்றி வைத்தபோது, பிறசரும் சிறுநீரகத்தோடு சேர்ந்து இடம் மாறியது. மனிதரிலும் யூமோட் என்றொரு மரபணு இருக்கிறது. அதன் ஒரு வகையைக் கொண்டவர்களின் சிறுநீரகம் யூரோமொடியூலின் என்ற புரதத்தைக் கூடுதலாகச் செய்யும், உப்பைக் கூடுதலாகத் திரும்ப இழுக்கும். பிறசரோடு தொடர்புள்ள இப்படியான இடங்கள் நம் மரபணுத் தொகுதியில் ஆயிரத்துக்கு மேல். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தனித்து ஒரு மில்லிமீற்றர் பிறசரைக்கூட ஏற்றுவதில்லை.

சில மரபணுக்கள் மட்டும் பலமானவை. மேற்கு ஆபிரிக்க வழி வந்தவர்களில் அப்போஎல்1 மரபணுவின் இரண்டு மாற்று வகைகள் பரவலாக இருப்பது 2010இல் தெரியவந்தது. ஒரு பிரதி இருந்தாலே தூக்கநோயைக் கொண்டுவரும் கிருமியின் ஒரு வகையிடமிருந்து காப்பு. தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று என இரண்டும் வந்து சேர்ந்தால் சிறுநீரக நோய்க்கான ஆபத்து பல மடங்கு. முன்னோரை ஒரு நோயிலிருந்து காத்தது பேரப்பிள்ளைக்கு வேறொரு நோயாக வருகிறது. அப்படியும், இரண்டு பிரதி உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குச் சிறுநீரகம் பழுதாவதில்லை. வேறு ஏதோ ஒன்றும் சேரவேண்டியிருக்கிறது.

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ரத்தத்தில் உள்ள கிரியற்றினின் என்ற கழிவை வைத்துக் கணக்கிடுவார்கள். அமெரிக்காவில் பல வருடங்களாக, ஆள் கறுப்பினத்தவர் என்றால் அந்தக் கணக்கை உயர்த்திப் போட்டார்கள். 2009இல் வந்த சூத்திரத்தில் அது ஏறத்தாழ 16 வீதம். காகிதத்தில் சிறுநீரகம் நன்றாகத் தெரியும், மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் பெயர் ஏறப் பிந்தும். 2021இல்தான் இனம் கேட்காத சூத்திரம் வந்தது. தோல் நிறம் வேறு, மரபணு வேறு. இதை ஏற்க இவ்வளவு காலம் போயிருக்கிறது.

இடம் மாறினால் உடம்பும் மாறும் என்பதற்குக் கென்யாவில் சான்று இருக்கிறது. லுவோ மக்கள் கிராமத்திலிருந்து நைரோபிக்குப் போன சில மாதங்களிலேயே அவர்களின் பிறசர் ஊரில் இருந்தவர்களைவிட ஏறியிருந்ததை 1990இல் வெளியான ஆய்வு காட்டியது. ரத்தம் அதேதான். தின்ற உப்பும் வாழ்ந்த விதமும் மாறியிருந்தன.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்தது. எங்கள் வவுனியா மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. கடினத் தண்ணீர், புளோரைட், கிருமிநாசினி, வெயிலில் உடம்பு வற்றுவது எனப் பல காரணங்கள் பேசப்படுகின்றன, ஒன்றும் முடிவாகவில்லை. வட மத்திய மாகாணத்தில் செய்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், எஸ்எல்சி13ஏ3 என்ற மரபணுவின் ஒரு வகையும் தொடர்புபட்டது. ஆகவே ரத்தத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

ஆனால் பெரியப்பா தகப்பனிடமிருந்து எடுத்தது ரத்தத்தை மட்டுமா? கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அந்தக் கிணற்றுத் தண்ணீரை அப்புவும் குடித்தார், அவரும் குடித்தார், பிள்ளைகளும் குடித்தார்கள். அதே வயல், அதே பங்குனி வெயில், அதே கருவாடு. ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு வந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து அது பரம்பரை என்று எப்படிச் சொல்வது? ஒரே கிணறும் ஒரே ரத்தமும் இங்கே பின்னிக் கிடக்கின்றன. பிரித்துப் பார்க்க வேண்டுமானால் எங்கள் சனத்தை வைத்தே ஆய்வு செய்ய வேண்டும். உலகில் இதுவரை நடந்த மரபணு ஆய்வுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வழி வந்தவர்களைக் கொண்டவை. அங்கே பிடிபடுவது எல்லாம் எங்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. தகப்பனுக்கு வந்துவிட்டது என்றால், எந்தக் காரணத்தால் வந்திருந்தாலும் பிள்ளைகள் உடனே போய்ப் பரிசோதிக்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: இந்த நோயில் தொடக்கத்தில் பிறசர் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், சிறுநீரில் புரதமும் அதிகம் போகாது. "பிறசர் பார்த்தாச்சு, சலமும் பார்த்தாச்சு, சுகம்" என்று திரும்பி வந்துவிடாதீர்கள். ரத்தத்தில் கிரியற்றினினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று, நாரி நோவுக்குக் கடையில் தாங்களாகவே வாங்கிப் போடுகிற டைக்ளோபெனாக் குளிசை. பெரியப்பா அறுவடைக் காலம் முழுக்க அதைப் போட்டிருக்கிறார். உடம்பு வற்றியிருக்கிற நேரத்தில் அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை.

வருகிற செவ்வாய் பெரியப்பாவின் பிள்ளைகளான பெரிய அண்ணாவையும் அக்காவையும் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். சின்ன அண்ணா 14 வயதில் கனடா போனவர், அந்தக் கிணற்றை விட்டுப்போய் இருபது வருடமாகிறது. அவரும் அங்கே பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்.