இனக்கவர்ச்சிப் பொறி காயில் விஷம் ஏற்றுமா?

"கத்தரித் தோட்டத்தில் தொங்கும் பொறியில் இருப்பதும் விஷ மருந்துதான், அது காயில் இறங்கிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

பொறிக்குள் இருக்கும் சிறு ரப்பர் துண்டில் உள்ளது விஷம் அல்ல, வாசனை. கத்தரியின் குருத்தையும் காயையும் துளைக்கும் புழுவின் வளர்ந்த வடிவம்தான் காய்த்துளைப்பான் அந்துப்பூச்சி. அதன் பெண் பூச்சி ஆணை அழைக்க வெளியிடும் அதே மூலக்கூறை ஆய்வகத்தில் செய்து, சில மில்லிகிராம் ஏற்றியிருக்கிறார்கள். அது செடியில் தெளிக்கப்படுவதில்லை. காற்றில் மெல்லக் கசிகிறது, அவ்வளவுதான். ஆண் பூச்சி தேடி வந்து பொறியில் சிக்குகிறது. தேனீ, பொறிவண்டு போன்றவற்றுக்கு இந்த வாசனை அழைப்பே இல்லை.

இந்த அறிவு எளிதாகக் கிடைக்கவில்லை. 1959-இல் ஜெர்மன் வேதியியலாளர் பூட்டெனாண்டின் குழு, சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் எடுத்துத்தான் முதல் இனக்கவர்ச்சிப் பொருளைக் கண்டறிந்தது. இன்று பூச்சியைக் கொல்லாமலே அதைத் தயாரிக்கிறோம்.

சரி, பொறி வைத்தால் எல்லாம் தீருமா? தீராது. காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை அது ஒன்றும் செய்யாது. வாடிய குருத்துகளையும் துளை விழுந்த காய்களையும் பறித்து அழிக்கத்தான் வேண்டும். வாசனை தீர்ந்ததும் ரப்பர் துண்டை மாற்ற மறக்காதீர்கள்.